லோங் ரேர்ம் பணத்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது தடவையும் மேன்முறையீடு செய்யவா?

ஸ்காபரோவிலிருந்து 51 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

1996இல் வடமராட்சியிலிருந்து வந்தவர். ஓ.எல். (சாதாரண தரம்) வரை தமிழில் படித்தவர். உணவு பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் 14 ஆண்டுகள் மெஷின் ஓப்பரேட்டராக வேலை செய்தார். 2022 டிசெம்பரில் வீட்டு வாசல் பனியில் வழுக்கி விழுந்ததில் கீழ்முதுகுத் தட்டு விலகியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வலி இடது காலுக்கு இறங்குவது நிற்கவில்லை. வேலையிடத்துக் குழுக் காப்புறுதியிலிருந்து 2023 ஜூன் 1 முதல் லோங் ரேர்ம் பணம், அதாவது நீண்டகால இயலாமைக் கொடுப்பனவு, மாதம் 2,200 டொலர் வந்தது. இது அவருடைய 3,300 டொலர் மாதச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு. 2025 மே 12 திகதியிட்ட கடிதம் ஒன்று அந்தக் கொடுப்பனவு மே 31உடன் முடிகிறது என்றது. பழைய வேலையை அவரால் செய்ய முடியாது என்பதைக் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதாம். ஆனால் வாகனத் தரிப்பிடத்தில் காசு வாங்கலாம், சிறிய மின்பொருட்களைப் பொருத்தலாம், கோல் சென்ரரில் இருக்கலாம் என்கிறது. இரண்டு தடவை மேன்முறையீடு செய்தார். செப்ரெம்பரிலும் 2026 ஜனவரியிலும் மறுத்துவிட்டார்கள். “புதிய மருத்துவ ஆதாரம் இருந்தால் மூன்றாவது தடவையும் அனுப்பலாம்” என்று கடைசிக் கடிதம் சொல்கிறது.

அவர் கேட்பவை: மூன்றாவது மேன்முறையீட்டை முடித்தால்தான் கோட்டுக்குப் போகலாமா? சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) இயலாமை ஓய்வூதியத்துக்கு 2024இல் விண்ணப்பித்து, ஒக்ரோபரில் மறுக்கப்பட்டது. அரசாங்கமே இல்லை என்ற பிறகு வழக்கு நிற்குமா? வேலைக்குத் திரும்பு, அல்லது ராஜினாமா எழுது என்று தொழிற்சாலை கடிதம் போட்டிருக்கிறது, என்ன செய்வது? மருமகளின் சாமத்தியவீட்டில் ஆலாத்தித் தட்டத்தோடு சிரித்தபடி நிற்கும் பேஸ்புக் படத்தை நிறுவனம் எடுத்துவைத்திருக்கிறது, இனி என்னை யார் நம்புவார்கள்? கணவர் “பெரிய கொம்பனியோடை மல்லுக்கட்டாதை” என்கிறாராம். அத்தானோ “மில்லியன் கணக்கில் வாங்கலாம்” என்கிறாராம்.

சகோதரி, கணவர் சொல்வதும் சரியில்லை, அத்தான் சொல்வதும் சரியில்லை. இரண்டுக்கும் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது வலியோ பேஸ்புக்கோ அல்ல, 2025 மே 12 என்ற திகதி.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது?

மேன்முறையீடு என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது அதே நிறுவனத்தில் வேறொரு மேசை. கோப்பை இன்னொரு கேஸ் மனேஜர் பார்ப்பார், நிறுவனம் காசு கொடுக்கும் வைத்தியர் ஒருவர் உங்களைப் பாராமலே காகிதத்தை வாசித்து இரண்டு பந்தி எழுதுவார். வழக்குப் போடுவதற்கு முன் அதை எத்தனை தடவை செய்து முடிக்க வேண்டும் என்று பொதுச் சட்டத்தில் நிபந்தனை இல்லை. முதல் மறுப்புக் கடிதம் கிடைத்த மறுநாளே நீங்கள் வழக்குப் போட்டிருக்கலாம்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி உங்களுக்கு இருப்பது 2 ஆண்டுகள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். நிறுவனத்தோடு பேச்சு நடந்த காலத்தைக் கழித்து, இறுதி மறுப்பிலிருந்து எண்ணிய தீர்ப்புகள் இருக்கின்றன. முதல் நிறுத்தற் கடிதத்திலிருந்தே எண்ணி, “காலம் கடந்துவிட்டது” என்று வழக்கைத் தள்ளிய தீர்ப்புகளும் இருக்கின்றன. அந்த விவாதத்தில் உங்கள் பெயரில் இன்னொரு தீர்ப்பு வர வேண்டியதில்லை. கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2027 மே 12.

இன்னொரு கண்ணி. சில குழுப் பொலிசிகளில் “ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்” என்று எழுதியிருக்கும். 2014இல் காஸ்பேர்க் வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், தொழிலாளி ஒருவரின் குழுக் காப்புறுதி வணிக உடன்படிக்கை அல்ல, ஆகவே சட்டம் தந்த 2 ஆண்டுகளை இப்படிக் குறைக்க முடியாது என்றது. சட்டம் உங்கள் பக்கம். ஆனாலும் என் ஆலோசனை, 2026 மே 12க்கு முன்னரே வழக்கைப் பதிவுசெய்யுங்கள் என்பதுதான். ஒரு வருடக் கேள்வியே எழாமல் போய்விடும். வழக்கைத் தொடங்கும் பத்திரமான கோரிக்கை அறிக்கையைப் பதிவுசெய்த பிறகு அதை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க 6 மாதம் இருக்கிறது. அதற்கிடையில் பேச விரும்பினால் பேசலாம்.

மூன்றாவது மேன்முறையீட்டால் நன்மையே இல்லையா? முதல் இரண்டு தடவையும் நீங்கள் அனுப்பாத, கனமான புதிய அறிக்கை ஒன்று கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதுவும் வழக்கைப் பதிவுசெய்த பிறகு, சட்டத்தரணியின் ஊடாக. வெறும் கையோடு எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவர்களுடைய கோப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. அடுத்த மறுப்புக் கடிதத்தில் அந்த ஓட்டை அடைபட்டிருக்கும். உங்கள் செப்ரெம்பர், ஜனவரிக் கடிதங்களை அருகருகே வைத்துப் பாருங்கள், புரியும்: செப்ரெம்பரில் மனச்சோர்வு பற்றி ஒரு சொல்லும் இல்லை, நீங்கள் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு ஜனவரியில் ஒரு மனநல வைத்தியரின் காகித அறிக்கை முளைத்திருக்கிறது.

ஆயுள், சுகாதாரக் காப்புறுதி முறைப்பாடுகளைக் கேட்கும் ஒம்பட்ஸ்மன் சேவை இலவசம். பயன்படுத்தலாம். ஆனால் அங்கே முறைப்பாடு போட்டால் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

ஒரு விடயத்தை நீங்கள் சொல்லவில்லை: உங்கள் தொழிற்சாலையில் யூனியன் இருக்கிறதா? இருந்தால் மேலே எழுதியவை மாறக்கூடும். கூட்டு உடன்படிக்கையில் இந்தக் கொடுப்பனவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, தகராறு நீதிமன்றத்துக்கே வர முடியாமல் யூனியனின் குறைகேள் நடைமுறைக்கும் நடுவருக்கும் மட்டும் போகலாம். அங்கே காலக்கெடு ஆண்டுக் கணக்கில் இல்லை, கிழமைக் கணக்கில். இதை நாளைக்கே விசாரியுங்கள்.

“எந்த வேலையும்” என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

முதல் 24 மாதம் கேட்கப்படும் கேள்வி, உங்களுடைய சொந்த வேலையின் முக்கிய கடமைகளைச் செய்ய முடியுமா என்பது. அதன் பிறகு “எந்த வேலையும்” செய்ய முடியுமா என்று மாறும். அதனால்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இரண்டாவது ஆண்டு முடிவில் இந்தக் கடிதம் வருகிறது. உடம்பு மாறியிருக்காது, வரைவிலக்கணம் மாறியிருக்கும்.

அந்தச் சொல்லுக்கு நீங்கள் பயந்த அளவுக்குப் பொருள் கிடையாது. பெரும்பாலான பொலிசிகளில் முழு வசனம், உங்கள் கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றுக்கு நியாயமாகப் பொருந்தக்கூடிய எந்த வேலையும் என்றுதான் இருக்கும். பலவற்றில் வருமான வரம்பும் உண்டு: பழைய சம்பளத்தின் 60 வீதத்தையாவது தரும் வேலையாக இருக்க வேண்டும் என்பது போல. ஆகவே முதல் வேலை, வசனத்தைக் கையில் எடுப்பது. வேலையில் சேர்ந்தபோது தந்த பளபளப்பான கையேடு போதாது. குழுப் பொலிசியின் முழுப் பிரதியையும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கூடவே கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய முழுக் கோப்பையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேஸ் மனேஜர்களின் குறிப்புகள், காகித வைத்தியர்களின் அறிக்கைகள், அந்த மூன்று வேலைகளைக் கண்டுபிடித்த தொழிற்றிறன் ஆய்வு எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஆய்வைப் பேனையோடு வாசியுங்கள். எழுதியவர் உங்களோடு ஒரு தடவையாவது பேசினாரா? உங்கள் ஆங்கிலம் எந்த அளவு என்று சோதித்தாரா? கோல் சென்ரர் வேலைக்கு வேகமான ஆங்கிலமும் கணினியும் தேவை. 14 ஆண்டுகள் பெல்ற் ஓடும் சத்தத்தில் தமிழர்களோடும் பிலிப்பினோக்களோடும் வேலை செய்தவருக்கு அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிக்கையில் பதில் இராது. மின்பொருள் பொருத்துநர் வேலை “இருந்து செய்யும் வேலை” என்று எழுதியிருப்பார்கள். மணிக்கணக்கில் குனிந்தபடி இருக்க வேண்டும் என்பதை எழுதியிருக்க மாட்டார்கள். தரிப்பிடத்தில் காசு வாங்கும் வேலை எத்தனை இடங்களில் இன்னும் ஆளை வைத்திருக்கிறது என்பதையும் கேட்கலாம்.

வருமான வரம்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் அதில்தான் அதிகம் நம்பிக்கை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 3,300இன் 60 வீதம் 1,980 டொலர். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60. கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் மாதம் ஏறத்தாழ 3,050 வரும். ஆக, முழுநேரக் குறைந்தபட்ச ஊதிய வேலை எதுவும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் 20 மணித்தியாலம்தான் உங்களால் முடியும் என்றால் 1,525தான், வரம்பு தாண்டாது. ஆகவே உங்கள் வழக்கு நிற்கவேண்டிய இடம் “இந்த வேலை மட்டம்” என்பதில் இல்லை. ஒரு கிழமையில் எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள், தவறாமல் உங்களால் வேலைக்குப் போய் இருக்க முடியும் என்பதில்தான். நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. இரண்டு ஆண்டுகள் அவர்கள் பணம் தந்தார்கள் என்பது அந்தப் பொறுப்பை நீக்காது.

“சுகமாய் இருக்கிறன்” என்று பதிவான கோப்பு

குடும்ப வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தின் பிரதியை இணைத்திருந்தீர்கள். “இவரால் எந்த வேலையும் செய்ய முடியாது” என்று ஒரு வரி. அன்போடு எழுதியிருக்கிறார், ஆனால் இந்தச் சண்டையில் அது எடுபடாது. நோயின் பெயரையும் முடிவையும் எழுதியவர், நடுவில் இருக்கவேண்டிய அளவுகளை எழுதவில்லை. எத்தனை நிமிடம் தொடர்ந்து இருக்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், பகலில் எத்தனை தடவை படுக்க வேண்டியிருக்கிறது, ப்ரீகபலின் என்ற நரம்புவலி மருந்தைக் குடித்த பிறகு எத்தனை மணித்தியாலம் மயக்கமாக இருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் எழும்பவே முடிவதில்லை, இரண்டு ஆண்டுகளில் இவை மாறினவா, இனி மாறுமா? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், நீண்ட நேரச் சந்திப்பு ஒன்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதித்தரச் சொல்லுங்கள். ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நேரில் சோதித்து எழுதும் செயற்றிறன் மதிப்பீடு இதைவிடக் கனமானது. செலவு கூட. அதைச் சட்டத்தரணி ஒழுங்குபடுத்தி, பின்னர் கணக்கில் கழிப்பது வழக்கம்.

வழக்கில் குடும்ப வைத்தியரின் முழுக் குறிப்புகளும் எதிர்த்தரப்புக்குப் போகும். அங்கேதான் எங்கள் பழக்கம் எங்களையே வெட்டும். வைத்தியர் “எப்படி இருக்கிறியள்?” என்றால், வாய் தானாக “சுகமாய் இருக்கிறன் டொக்டர்” என்று சொல்லும். வைத்தியர் ஆங்கிலத்தில் “நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்” என்று தட்டச்சு செய்வார். அப்படி ஆறு பதிவுகள் இருந்தால், கேஸ் மனேஜருக்கு வேறெதுவும் தேவையில்லை. இனிமேல் மரியாதைக்கு ஒரு பதிலும் வைத்தியருக்கு வேறொரு பதிலும் வைத்துக்கொள்ளுங்கள். பொய் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். உள்ளதை எண்ணிக்கையோடு சொன்னால் போதும்.

இரவில் அழுவதையும், ஆட்களைச் சந்திக்கப் பிடிக்காமல் போனதையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், வைத்தியருக்குச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். “விசர் என்று சொல்லுவினம்” என்ற பயம் புரிகிறது. ஆனால் குறிப்பில் இல்லாத நோய் வழக்கில் இல்லை. நாட்பட்ட வலியோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது வைத்தியத்தில் நன்றாக அறியப்பட்ட விடயம். இரண்டும் சேர்ந்து உழைக்கும் ஆற்றலைக் குறைப்பதுதான் உங்கள் உண்மையான நிலை. குடும்ப வைத்தியரின் பரிந்துரையோடு மனநல வைத்தியரிடம் போனால் ஒன்ராறியோவின் அரச சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் செலவை ஏற்கும். காத்திருப்புப் பட்டியல் நீளமானது, ஆகவே பரிந்துரையை இந்த மாதமே கேளுங்கள்.

நிறுவனம் தங்கள் வைத்தியரிடம் உங்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் போக மறுக்காதீர்கள், பொலிசி பெரும்பாலும் அந்த உரிமையை அவர்களுக்குத் தருகிறது. மொழிபெயர்ப்பாளரை எழுத்தில் கேளுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் நோவைச் சொல்லும்போது பிள்ளை மென்மையாக்கிவிடும், அல்லது மிகைப்படுத்திவிட்டது என்பார்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என்னென்ன சோதித்தார் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள்.

இனி அந்தச் சாமத்தியவீட்டுப் படம். அதை அழிக்காதீர்கள். கணக்கை மூடாதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்தபின் ஆதாரத்தை அழிப்பது படத்தைவிடப் பெரிய கேடு. தனியுரிமை அமைப்பை இறுக்கலாம், புதிதாக எதையும் போடாமல் விடலாம், உறவினரிடம் உங்களை ரக் பண்ண வேண்டாம் என்று சொல்லலாம். படம் காட்டுவது ஒரு கணத்தை. தட்டத்தை இரண்டு நிமிடம் பிடித்ததும் கிழமைக்கு 5 நாள் 8 மணித்தியாலம் இருந்து வேலை செய்வதும் ஒன்றல்ல. அன்று எத்தனை மணிக்கு மண்டபத்துக்குப் போனீர்கள், எங்கே படுத்தீர்கள், முன்கூட்டியே என்ன மருந்து குடித்தீர்கள், அடுத்த இரண்டு நாளும் எப்படிக் கிடந்தீர்கள் என்பதை, கூட இருந்தவர்களின் பெயரோடு எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: “நான் வெளியே போவதே இல்லை” என்று எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். வழக்குகளைக் கவிழ்ப்பது இந்த “ஒருபோதும் இல்லை” என்ற வசனம்தான், படத்தால் கவிழ்வது குறைவு.

சி.பி.பி. மறுத்தது

அரசாங்கத்தின் மறுப்பு காப்புறுதி வழக்கைத் தீர்மானிக்காது. சி.பி.பி. கேட்பது “கடுமையானதும் நீடித்ததுமான” இயலாமை, உங்கள் பொலிசி கேட்பது வேறு. ஆனால் சி.பி.பி. கிடைத்தால் வழக்குக்குப் பலம், ஆகவே அதைக் கைவிட்டது தவறு. 2001இல் வில்லானி வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆளுடைய வயது, கல்வி, மொழித்திறன், முன்னைய வேலை, வாழ்க்கை அனுபவம் ஆகியவற்றை வைத்து நடைமுறை உலகில் அவரால் உழைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றது. தமிழில் ஓ.எல். படித்து, உடலுழைப்பு மட்டுமே செய்த 51 வயதுப் பெண்ணுக்கு எழுதியது போலவே இருக்கும் வசனம்.

மறுபரிசீலனை கேட்க 90 நாள் இருந்தது, விட்டுவிட்டீர்கள். ஒரு வருடமும் கடந்ததால் இப்போது பிந்திக் கேட்பதற்கு நிபந்தனைகள் கடினம். புதிதாக விண்ணப்பிப்பது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் பின்னோக்கி 11 மாதக் கொடுப்பனவுக்கு மேல் கிடைக்காது. கவனிக்கவேண்டிய திகதி ஒன்று இருக்கிறது. கடைசி 6 ஆண்டுகளில் 4 ஆண்டுகள் சி.பி.பி. கட்டியிருக்க வேண்டும், மொத்தம் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ கட்டியவருக்கு 3 ஆண்டுகள் போதும். நீங்கள் 2022 வரை உழைத்தீர்கள், லோங் ரேர்ம் பணத்துக்குப் பொதுவாக சி.பி.பி. கட்டப்படுவதில்லை. 4 ஆண்டுக் கணக்கில் உங்கள் தகுதி 2024 டிசெம்பருடன் முடிகிறது. அதன் பொருள் இனி விண்ணப்பிக்க முடியாது என்பதல்ல. அந்தத் திகதிக்கு முன்பே இயலாமை கடுமையாக இருந்தது, இன்றுவரை தொடர்கிறது என்று காட்ட வேண்டும். 2023, 2024 வைத்தியக் குறிப்புகள்தான் உயிர்நாடி. சேவிஸ் கனடாவிலிருந்து உங்கள் பங்களிப்புப் பதிவை எடுத்துப் பாருங்கள்.

“கிடைத்தாலும் கொம்பனி பிடுங்கிக்கொள்ளும்” என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. காப்புறுதி நிறுவனம் பணம் தரும் மாதங்களில் சி.பி.பி.யைக் கழிக்கும். அவர்கள் ஒரு சதமும் தராத மாதங்களுக்கு வரும் சி.பி.பி. இப்போதைக்கு உங்கள் கைக்கே வரவேண்டியது. பின்னர் நிலுவை கிடைத்தால் அப்போது கணக்குப் பார்க்கப்படும். முன்பு நீங்கள் கையெழுத்திட்ட, சி.பி.பி. நிலுவையை நேராக நிறுவனத்துக்கு அனுப்பும் சம்மதப் படிவம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராஜினாமாக் கடிதம்

எழுதாதீர்கள். காப்புறுதி நிறுவனம் “வேலை செய்யலாம்” என்று சொன்னது தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. ஒன்ராறியோ மனித உரிமைக் கோவைப்படி, தாங்கமுடியாத சிரமம் என்ற எல்லை வரை உங்கள் இயலாமைக்கு இசைந்து நடக்கும் கடமை முதலாளிக்கு இருக்கிறது. ஒரு பந்தியில் பதில் எழுதுங்கள்: நான் வேலையை விடவில்லை, மருத்துவக் காரணத்தால் வர முடியாத நிலை தொடர்கிறது, வைத்தியர் குறிப்பை இணைக்கிறேன், எந்த மாற்று வேலை இருக்கிறது என்று எழுத்தில் அறியத்தாருங்கள்.

அவர்களாக, நோயால் ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் போய்விட்டது என்று முடித்தால்கூட, ஒன்ராறியோ வேலை நியமச் சட்டத்தின்படி உங்களுக்கு 8 கிழமை முடிவுறுத்தற் கொடுப்பனவு உண்டு. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 25 இலட்சம் டொலருக்குக் குறையாத நிறுவனமாக இருந்தால், சேவை ஆண்டுக்கு ஒரு கிழமை வீதம் பிரிவுப் பணமும் சேரும். நீங்களாக எழுதிக்கொடுத்தால் இரண்டும் போகலாம். பணத்தோடு ஒரு விடுவிப்புப் பத்திரத்தை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குள் காப்புறுதிக் கோரிக்கையையும் கைவிடுவதாக ஒரு வரி ஒளிந்திருக்கலாம்.

கணவருக்கும் அத்தானுக்கும்

அத்தான் கேள்விப்பட்டது 2023இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த பேக்கர் வழக்காக இருக்க வேண்டும். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் கொடுப்பனவை நிறுத்தியதற்காக 15 இலட்சம் டொலர் தண்டனை நட்டஈடும் மனவேதனைக்கு 40,000 டொலரும் கொடுக்கும்படி ஆனது. அது விதிவிலக்கு. வழமையான அளவுகோல் 2006ஆம் ஆண்டு ஃபிட்லர் வழக்கு. இரகசிய வீடியோவைக் காட்டிக் கொடுப்பனவை நிறுத்தியிருந்தார்கள். கனடிய உச்ச நீதிமன்றம், இத்தகைய காப்புறுதியை ஆட்கள் வாங்குவது மன அமைதிக்காக, அதை முறிப்பதால் வரும் மனவேதனைக்கு நட்டஈடு உண்டு என்றது. தொகை 20,000 டொலர். பிரிட்டிஷ் கொலம்பியா மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த 100,000 டொலர் தண்டனை நட்டஈட்டை நீக்கிவிட்டது. தவறாக மறுப்பது வேறு, கெட்ட நோக்கத்தோடு நடப்பது வேறு.

கணவருக்கு: கனடாவில் காப்புறுதி நிறுவனங்கள் மேல் இப்படியான வழக்குகள் அன்றாடம் பதிவாகின்றன, பெரும்பாலானவை நீதிபதி முன் போகாமலே இணக்கத்தில் முடிகின்றன. ரொறன்ரோவில் மத்தியஸ்தம் கட்டாயப் படி. வழக்குப் போட்டால் குடியுரிமைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன்: தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டி வரலாம். 200,000 டொலருக்கு உட்பட்ட கோரிக்கைகளுக்கான எளிய நடைமுறையில் அந்தச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. தோற்றால் அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்று சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள்.

நீதிமன்றம் பொதுவாக நிலுவையையும் வட்டியையும் தரச் சொல்லும், “தகுதி உண்டு” என்று பிரகடனம் செய்யும். 65 வயது வரையான பணத்தை ஒரே தொகையாகத் தரச் சொல்வது வழமையல்ல. வென்ற பிறகும் அவர்கள் அடுத்த ஆண்டு மறுபடி பரிசீலிக்கலாம். மொத்தத் தொகை பேச்சுவார்த்தையில்தான் வரும். 2025 ஜூன் முதல் 65 வரை ஏறத்தாழ 168 மாதம். 2,200 வீதம் 369,600 டொலர். சி.பி.பி. 1,050 கிடைக்கும் என்று வைத்தால் மாதம் 1,150, மொத்தம் 193,200. அதிலிருந்து எதிர்காலப் பணத்தின் இன்றைய பெறுமதிக்காகவும், நீங்கள் தோற்கும் சாத்தியத்துக்காகவும் குறைப்பார்கள். பாருங்கள், சி.பி.பி. கிடைத்தால் வழக்கின் விலை குறைகிறது, வெல்லும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியும் எடுப்பதே நல்லது, இயலாமை தொடரும்வரை அது 65 வயது வரை காப்புறுதி நிறுவனத்தின் தயவில்லாமல் வரும்.

வரியையும் கவனியுங்கள். பிரீமியத்தை முதலாளி கட்டியிருந்தால் மாதாந்தப் பணத்துக்கு வரி உண்டு, உங்களுக்கு வந்த ரி4ஏ வருமானச் சீட்டு அதைத்தான் காட்டுகிறது. 2005ஆம் ஆண்டு சியாப்ரேலிஸ் வழக்கின்படி, இணக்கத் தொகையில் கடந்தகால நிலுவைக்கான பங்குக்கு வரி, எதிர்காலத்துக்கான பங்குக்கு இல்லை. ஆகவே இணக்கப் பத்திரத்தில் எது எதற்கு என்று பிரித்து எழுதப்பட வேண்டும்.

கட்டணம் பெரும்பாலும் வென்றால் வீதக் கணக்கு. 2021 ஜூலை முதல் ஒன்ராறியோவில் இதற்குச் சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்தும் சட்டச் சங்கத்தின் நியமப் படிவம் இருக்கிறது, அதையே கேளுங்கள். உதாரணக் கணக்கு: 120,000 டொலர் இணக்கம், 30 வீதம் என்றால் 36,000, அதன் மேல் விற்பனை வரியான எச்.எஸ்.ரி. 4,680, அறிக்கைகளுக்கு 5,000 போனால் கையில் 74,320, அதற்குப் பிறகு வரி. இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்னரே போட்டுக் காட்டாதவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள். சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவச ஆலோசனை கிடைக்கும், தமிழ் பேசுபவர் வேண்டும் என்றும் கேட்கலாம். காப்புறுதிச் சலுகையோடு மருந்துச் செலவுக்கான உதவியும் நின்றிருந்தால் ஒன்ராறியோ அரசின் ட்ரிலியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

முதற் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியவை: 2025 மே 12 கடிதமும் அது வந்த உறையும், இரண்டு மறுப்புகள், நீங்கள் அனுப்பிய இரண்டு மேன்முறையீடுகள், தொழிற்சாலைக் கடிதம், சி.பி.பி. மறுப்பு, ரி4ஏ சீட்டுகள், மருந்துக் கடையிலிருந்து மூன்று ஆண்டு மருந்துப் பட்டியல். பொலிசிப் பிரதியும் கோப்பும் கேட்கும் கடிதத்தை அந்தச் சந்திப்புக்காகக் காத்திராமல் இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் போடுங்கள்.